இடது கண்ணுக்குக் கட்டம் இல்லை

டாக்டர் திரையை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். தையல்காரம்மாவின் வலது கண் விழித்திரை நன்றாகத் தேறியிருந்தது. ஏழு மாதம் ஊசி போட்ட பலன். டாக்டருடைய ஆராய்ச்சியில் இதைவிட நல்ல கண் கிடையாது. இடது கண்ணின் நடுவிலோ தழும்பு கட்டிவிட்டிருந்தது. இனி எந்த ஊசிக்கும் அது மசியாது.

மாதம் தவறாமல் இதே நாற்காலியில்தான் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிக்கு எடுத்தது வலது கண். படிவத்தில் இடது கண்ணுக்குக் கட்டமே கிடையாது. படிவத்தை வகுத்தவர் டாக்டர்தான். "எடுத்த கண்ணை மட்டும் படம் எடுங்க, வரிசை நகரட்டும்" என்று உத்தரவு போட்டவரும் அவரே. இன்று நர்ஸ் மனசு கேட்காமல் இரண்டையும் எடுத்திருந்தார்.

கோப்பைப் புரட்டினார். நான்காம் மாதத் தாளின் ஓரத்தில் நர்ஸ் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இடது கண்ணில் நூல் வளைந்து தெரிகிறதாம்.' அதன் கீழேயே டாக்டரின் கையெழுத்து, வாலை நீட்டிச் சுழித்து. படிக்காமல் போட்டது. அவருக்குக் காது மடல் சுட்டது.

தையல்காரம்மா உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, ஊசி எனக்கா உங்களுக்கா? இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க! நானும்தான் நாள் முழுக்க ஊசி குத்துறேன். என் துணி ஒரு நாளாவது பயந்திருக்கா?"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, இடது கண்ணுல தழும்பு விழுந்துடுச்சு. போன பார்வை திரும்பாது."

அந்த அம்மா சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார். "தப்பு என் மேலதான். ஒரு தடவை சொன்னேன், அப்புறம் விட்டுட்டேன். நச்சரிச்சிருக்கணும். நீங்க எத்தனை பேரைத்தான் பார்ப்பீங்க, பாவம்."

டாக்டருக்கு நெஞ்சு லேசானது. லேசானது தெரிந்ததும் கூனிக் குறுகிப் போனார். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சை அடுக்கினார். பென்சில் எழுத்துதானே, அழித்தால் போயிற்று என்று டாக்டருக்கு ஒரு கணம் தோன்றியது.

அவர் தாளை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொன்னதை இவங்க எழுதி வச்சாங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். அப்பவே பார்த்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். தப்பு உங்க மேல இல்லம்மா."

தையல்காரம்மா தாளை முகத்தருகே கொண்டுபோய், எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் திட்டுவார் என்று டாக்டர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"என்னை மாதிரி ஒத்தக் கண்ணை மட்டும் பார்த்து அனுப்பினது எத்தனை பேரை?"

"நாப்பத்திரண்டு பேர்."

"அப்ப என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா எப்படி? அவங்களைக் கூப்பிடுங்க."

நர்ஸ் தொலைபேசியை எடுத்தார். டாக்டர் வாங்கிக்கொண்டு முதல் எண்ணைத் தானே அழுத்தினார்.

"டாக்டரேவா கூப்பிடுறீங்க!" மறுமுனையில் ஒரு பெரியவர் வீடே அதிரக் கத்தினார். "ஏய், இங்க வா, டாக்டரே பேசுறாருடி!"

"ஐயா, உங்க இன்னொரு கண்ணையும் பார்க்கணும்," என்றார் டாக்டர். தையல்காரம்மா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.