ராய்ஸின் கராஜுக்கு இரும்புக் குழாய்

வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

என் தம்பி ராய்ஸ் மோட்டார் சைக்கிள் டேங்குகளில் படம் வரைபவன். காற்றால் பெயின்ட் அடிக்கும் பேனா அளவுத் துப்பாக்கியில் தலைமுடி கனத்துக்குக் கோடு இழுப்பான். இண்டியானா மாநிலம் முழுவதிலிருந்தும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக் கராஜுக்கு வருவார்கள். மூலையில் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் இருக்கும், அதன் ரப்பர் ஹோஸ் தரையெல்லாம் கிடக்கும், இவன் தடுக்கித் தடுக்கி விழுவான். நான் முப்பது வருடம் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவன். சுவரோரமாகக் காற்றுக் குழாய் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"இரும்புல போட்ருண்ணே" என்றான்.

"இரும்பா? மரை வெட்டி முறுக்கி முறுக்கி என் இடுப்பு ஒடியவா? பிளாஸ்டிக் போதும்டா. தண்ணியவே தாங்குது, காத்தத் தாங்காதா? நம்ம தெருவுல பாதி கராஜ்ல இதான் ஓடுது."

ஒரே மதியத்தில் பசை தடவி ஒட்டி முடித்தேன். காற்றுக்கு உபயோகிக்கக் கூடாது என்று குழாயின் மேலேயே அச்சடித்திருந்தது. முப்பது வருடத்தில் குழாயில் எழுதியிருப்பதை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒழுகும். காற்றுக் குழாய் உடைந்தால் வெடிக்கும். பிப்ரவரிக் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துப்போய் இருந்திருக்கிறது. ராய்ஸ் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டுத் திரும்பினான், குழாய் வெடித்து ஒரு சில்லு அவன் வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. டாக்டர்களால் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

"விடுண்ணே, நீ வேணும்னா செஞ்ச?" என்றான் ஆஸ்பத்திரியில். நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவன் கராஜுக்குள் போகவே இல்லை. பாதி வரைந்த டேங்க் ஒன்று தூசி படிந்து கிடந்தது. வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறான், வேறொன்றுமில்லை என்று நானாக முடிவு கட்டினேன். உடையாத குழாய் போட்டுக் கொடுத்துவிட்டால் மறுபடி வரைவான். மே மாதம் போய்க் கேட்டேன். சிவந்து கிடந்த என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, போடு" என்றான்.

மூன்று நாள் வேலை. காற்றில் வரும் ஈரம் வடிய, குழாய்க்கு வாட்டம் கொடுத்தேன். துப்பாக்கிக்குத் தண்ணீர் இறங்காதபடி ஒவ்வொரு கிளையையும் குழாயின் மேல்பக்கமாக எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவந்தேன். ஒவ்வொரு மரையையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். ராய்ஸ் காபி கொண்டுவந்து கொடுத்து, கூடவே உட்கார்ந்திருந்தான்.

"அந்த மூட்டு கோணலா இருக்கு பாரு. ஒத்தக் கண்ணுக்கே தெரியுது."

சிரித்தேன். பழைய ராய்ஸ் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, நூற்றைம்பது பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றி அடைத்து, பிரஷர் மீட்டரின் முள் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனால் முள் அதே கோட்டில் நின்றது.

"ஒரு பொட்டு இறங்கலடா! இந்தா, பிடி. ஒரே ஒரு கோடு போடு."

துப்பாக்கியை அவன் கையில் திணித்தேன். அவன் அந்த டேங்கை நோக்கிக் கையை நீட்டினான். டேங்குக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நிறுத்திப் பெயின்டை அடித்தான். அது கோடாக விழாமல் புகையாகப் பரவியது. மறுபடி நீட்டினான், முனை டேங்கில் போய் முட்டியது.

"கிட்டக்க இருக்கா, தள்ளி இருக்கான்னு தெரியலண்ணே. அதுக்கு ரெண்டு கண்ணும் வேணும்."

"எப்பருந்துடா?"

"ஆஸ்பத்திரில தண்ணி டம்ளர எடுக்கப் போனேன்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "அப்புறம் ஏன்டா என்னப் போட விட்ட? மூணு நாளா?"

"ராத்திரி பூரா நீ தூங்காம நடக்குறியாம். அண்ணி போன்ல அழுதாங்க. இதப் போட்டு முடிச்சா தூங்குவியோன்னுதான்..."

துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்தான். பிறகு என் தோளில் கைவைக்க வந்தான். முதல் தடவை கை எட்டாமல் காற்றில் நின்றது.

"நல்லா போட்ருக்கண்ணே. வீட்டுக்குப் போய்ப் படு" என்றான்.

நான் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.