பட்டு மாடியில் ஒரு ஸ்டூல்

பொன்மணி நடிக்கிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். தி.நகரில் எங்கள் துணிக்கடையின் மூன்றாம் மாடி, பட்டுச் சேலைப் பிரிவு, என் பொறுப்பு. பெயர் சொர்ணம், வேலை சூப்பர்வைசர். பதினெட்டுப் பெண்கள் என் கண்ணெதிரே நிற்கிறார்கள். அவர்களில் யாருக்கு நிஜமாகவே தலைவலி, யாருக்குப் போனில் பேசுவதற்காகத் தலைவலி என்று படியேறி வருகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாடியில் செருப்புப் போடக் கூடாது. பட்டு மகாலட்சுமி. பின்பக்கப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். தரை முழுக்க கிரானைட். ஏ.சி. போட்டுப் பத்து நிமிஷத்தில் அது சில்லென்று ஆகிவிடும். அதன் மேல் வெறுங்காலோடு பன்னிரண்டு மணி நேரம். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு, எங்களுக்குப் படிக்கட்டு. சாப்பிடக் கீழே இறங்க அறுபத்தாறு படி, மறுபடி ஏற அறுபத்தாறு படி. எண்ணியிருக்கிறேன்.

நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. மறுநாளே அதன் மேல் சேலைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. உட்காரக் கூடாது என்று முதலாளி ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. யார் முதலில் உட்காருகிறாள் என்று மற்ற பதினேழு பேரும் பார்ப்பார்கள். எல்லாருக்கும் முந்தி நான் பார்ப்பேன்.

நான் உட்கார்ந்ததில்லை. இருபத்திரண்டு வருஷம். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இடது பாதத்தில் யாரோ ஆணி இறக்குவது போல வலிக்கும், அதற்கு நிற்பதே மேல். வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம், பிறகு ஒரு நடை, மறுபடி வலது கால். அடையாறு ஆற்றங்கரையிலிருந்து எங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு, பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் சாப்பிடுவதும் நடந்துகொண்டேதான். தூக்கத்தில்கூட உன் கால் ஓயமாட்டேன் என்கிறது என்று என் மகள் பூஜா திட்டுவாள். துணிக்கடைக்காரி கால் வலிக்காமல் வேறு யார் கால் வலிக்கும் என்று வாயை அடைத்துவிடுவேன்.

பொன்மணி தென்காசிப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. கடைக்குப் பின்தெருவில் கடையின் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஊரில் அவள் அம்மாவும் இரண்டு அக்காக்களும் பீடி சுற்றுகிறார்கள். அந்தப் பீடித் தட்டுக்குத் தப்பித்துத்தான் சென்னைக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. வாசலில் நுழைகிற அம்மாளின் ரவிக்கையைப் பார்த்தே எந்த நிறச் சேலையை முதலில் விரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். ஜூன் மாசக் கடைசியில் வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் கழித்து, கடையில் எப்போதும் அனுப்புகிற இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது போதுமாயிருந்தது. ஆடித் தள்ளுபடி வருவதற்கு முன்னால் இப்படி இரண்டு பேருக்காவது கால் வலிக்கும், இடுப்புப் பிடிக்கும். நான் பார்க்காததா. அவள் நொண்டிக்கொண்டு வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் அவ்வளவு எரிச்சல் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆனாலும் வைத்தியம் சொன்னேன். என் வைத்தியம். செங்கல்லை அடுப்பில் சூடு பண்ணி, மேலே பழுத்த எருக்க இலையைப் போட்டு, வலிக்கிற இடத்தால் அழுத்தி மிதிக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் நான் செய்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எருக்கஞ்செடி மண்டிக் கிடக்கிறது. நானே இலை பறித்துக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குதிகாலுக்குத்தான் அந்த வைத்தியம், அவளுக்கோ வலி விரல்களுக்குப் பின்னால் மேல்பாதத்தில். அதையெல்லாம் யார் பார்த்தது.

“வலிக்கிற எடத்தில நல்லா ஏறி நில்லு. கத்தினு எறங்கிடாத. பல்ல கடிச்சிக்கினு நின்னாதான் வலி போவும்” என்றேன்.

இரண்டு ஞாயிறு அவள் செய்தாள். அதற்குப் பிறகு பாதம் வீங்கியது. உள்ளங்காலில் ரூபாய் அளவுக்கு ஒரு கொப்புளம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லைக்கா என்றாள். அடுத்த வியாழக்கிழமை, ஒரு முகூர்த்தக் கூட்டம் நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு எதையும் எடுக்காமல் போனதும், மடிக்க ஆரம்பித்தவள் அப்படியே கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சி அப்போதுதான் மேலே வந்தார்.

அண்ணாச்சி கத்துகிறவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளை மறுநாள் தள்ளுபடி ஆரம்பம், பாதி நேரம் நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு மாடியை ஓட்ட முடியாது என்றார். வேறு டாக்டரிடம் நானே நேரில் அழைத்துப்போக வேண்டும். காலில் ஒன்றுமில்லை என்றால் ஹாஸ்டலைக் காலி பண்ணி ஊருக்கு அனுப்பிவிடலாம்.

“டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. நீ பாத்துட்டு வந்து என்ன சொல்லுதியோ அதான் எனக்கு” என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை காலை அபிராமபுரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். மதுமதி என்று பெயர், என் வயதுதான் இருக்கும்.  ஆட்டோவில் பொன்மணி காலை முன்னால் நீட்டி, பள்ளம் வரும்போதெல்லாம் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.  காத்திருந்த ஒன்றேகால் மணி நேரமும் நான் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தேன். உட்காருங்களேன் என்று வரவேற்பில் இருந்த பெண் இரண்டு தடவை சொன்னாள். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் பதினொரு அடி.

எக்ஸ்ரே எடுத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் இது என்ன புண் என்று கேட்டார்.

பொன்மணி என்னைப் பார்க்கவே இல்லை. “வெந்நி கொட்டிட்டு மேடம்” என்றாள்.

செங்கல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்களே என்ற பயம். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் ஐந்து எலும்புகள் வரிசையாக ஓடுகின்றன. அதில் இரண்டாவது எலும்பின் நடுவே ஒரு மயிரிழைக் கோடு. அதைச் சுற்றி வெள்ளையாக, புகை படர்ந்த மாதிரி. கீழே விழ வேண்டியதில்லை, எதுவும் மேலே விழ வேண்டியதில்லை, நின்று நின்று நடந்து நடந்தே இந்த எலும்பில் விரிசல் விட்டுவிடும் என்றார் டாக்டர். வந்த புதிதில் எடுத்தால் படத்தில் தெரியாது. எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்போதுதான் அந்த வெள்ளை தெரியும். ஆறு வாரம் அந்தக் காலில் நிற்கவே கூடாது. முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் போட வேண்டும்.

பொன்மணி அழுதாள். வலியால் இல்லை. “பாருங்கக்கா, நான் நடிக்கல” என்றாள். நான் சொன்னது அவள் காதுவரை போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தப்பு என்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். கோபம்தான் வந்தது.

“நானும் இருவத்திரெண்டு வருசமா அதே தரைல நிக்கிறேன் டாக்டர். எனக்கு ஒண்ணியும் ஒடையல. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எலும்பே கெடையாது” என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். உள்ளே வந்ததிலிருந்து நீங்கள் இடது காலை முழுசாக ஊன்றவே இல்லையே என்றார். நாற்காலி இருந்தும் ஏன் உட்காரவில்லை என்று கேட்டார். உங்கள் பாதத்தையும் ஒரு படம் எடுப்போமா என்றார். எடுங்கள், நன்றாக எடுங்கள் என்றேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. நின்ற காலுக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டிவிட வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்தார்கள். என் இடது பாதத்தில் இரண்டாவது எலும்பும் மூன்றாவது எலும்பும் நேராக இல்லை. நடுவில் முடிச்சுப் போட்டது போலத் தடித்து, கோணலாக ஓடின. டாக்டர் அந்த முடிச்சுகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

“ரெண்டு எலும்பு ஒடைஞ்சு, தானாவே கோணலா கூடியிருக்கும்மா. பத்து வருஷத்துக்குக் குறையாது. அப்ப எப்படி நடந்தீங்க?” என்றார்.

எப்படி நடந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி. பாதம் பூசணிக்காய் போல வீங்கிப் புடவை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அப்போதைய சூப்பர்வைசர் இனாயத் பாய் நல்ல மனுஷர், ஆனாலும் நடிக்கிறாயா என்று கேட்டார். ரவிக்கைத் துணியைக் கிழித்துப் பாதத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முப்பத்தொரு நாள் நின்றேன். ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. மறு வருஷம் ஆயுத பூஜையன்று, எல்லாரையும் நிற்க வைத்து, லீவே எடுக்காதவள் என்று அண்ணாச்சி எனக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்குக் கொடுத்தார். சூப்பர்வைசர் வேலையும் அன்றைக்குத்தான் வந்தது. அந்த விளக்கை ஏற்றினதே இல்லை. கறுத்துப்போகும் என்று பிளாஸ்டிக் தாளில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். உடைந்த காலுக்குக் கொடுத்த பரிசைத்தான் பத்து வருஷமாகப் பூட்டிவைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொன்மணியைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது, எங்கேயாவது இறங்கி நடந்தே போய்விடலாம் போல இருந்தது. பொன்மணி, டாக்டர் மாட்டிவிட்ட பூட்ஸின் பட்டைகளைக் கழற்றிக் கழற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

“எக்கா, அண்ணாச்சிட்ட என்ன சொல்லப் போறிய?”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். பட்டு மாடியில் பூட்ஸ் போட்டு நிற்க முடியாது, கழற்றினால் எலும்பு கூடாது. உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிற ஆள் அந்த மாடியில் இதுவரை ஒருத்தியும் இல்லை. உண்மையைச் சொன்னாலும், குணமானதும் வா என்று அண்ணாச்சி அன்பாகவே ஊருக்கு அனுப்பிவிடுவார். ஆறு வாரத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கிறோம். நானே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

மூன்று மணிக்குக் கடைக்கு வந்தோம். பொன்மணியை லிஃப்டில் ஏற்றினேன். லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். மூன்றாம் மாடியில் தள்ளுபடித் தட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நடுவில் நின்றிருந்தார். பதினேழு பெண்களும் முதலில் பூட்ஸைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“ஏம்மா சொர்ணம், என்ன சொல்லுத?” என்றார் அண்ணாச்சி.

நான் முதல் கவுண்டருக்குப் பின்னால் போனேன். ஸ்டூல் மேலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். ஏழு பெட்டி. பக்கத்துக் கவுண்டர் ஸ்டூலையும் காலி பண்ணினேன். அதில் பொன்மணியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன். அண்ணாச்சி நிற்கிறபோது அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 

“எலும்பு ஒடஞ்சிகீது அண்ணாச்சி” என்றேன். “ரெண்டு பேருக்கும்.”

அவருக்குப் புரியவில்லை. என் இடது காலைத் தூக்கிக் காட்டினேன். எந்தத் தீபாவளி, எத்தனை நாள், எந்தக் குத்துவிளக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொன்மணியைச் சுட்ட செங்கல்லில் ஏற்றி மிதிக்க வைத்தது நான்தான் என்றும், அவள் அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும். ஆறு வாரம் அவள் இங்கே உட்கார்ந்து சேலை காட்டட்டும், விரிக்கிறவள் விரிக்கட்டும், மடிக்கிறவள் மடிக்கட்டும், அவளை அனுப்புவதாயிருந்தால் நானும் போகிறேன் என்றேன்.  

அண்ணாச்சி பூட்ஸைப் பார்த்தார். லட்சுமி இருக்கிற இடத்தில் செருப்பு என்று அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு என் காலைப் பார்த்தார். அந்தக் குத்துவிளக்கைத் தன் கையாலேயே கொடுத்தவர் அவர். 

“பூட்ஸுக்கு மேல ஒரு வெள்ளத் துணியச் சுத்திக்கிடச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் லிஃப்டில் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, பெண், வருங்கால மாமியார். எனக்கு உடம்பு தானாக எழுந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், யாராவது வந்தால் கால் எழுந்துவிடும். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பொன்மணியும் அதேபோல விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கம்மா” என்றேன், உட்கார்ந்தபடியே. “இன்னா கலர்ல பாக்குறீங்க?”