முப்பத்தேழாவது குழாய்

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. கடைசித் துளியை விட்டு அரை மணி காத்திருந்தால் நோயின் தடம் இருக்கிற ரத்தம் மஞ்சளாகும், இல்லாதது தண்ணீர் போல் நிற்கும். பரிசோதனை அவ்வளவுதான். இதற்காக டாக்டரம்மா மூன்று வருஷம் காத்திருந்தார்.

மேல் வரிசைகளில் நோயாளிகளின் ரத்தம். கீழ் வரிசைகளில் நோயில்லாத நாற்பது பேருடையது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அந்த நாற்பதுக்கும் ஆய்வுக்கூடத்தில் 'நார்மல்' என்று பெயர். மேலே ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் ஏறிக்கொண்டு வந்தது. கீழே ஒரே ஒரு குழியைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாகவே நின்றது.

டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற அவள், குழி எண்கள் எழுதிய தாளைப் பார்த்தாள். முப்பத்தேழு. உடனே கண் முப்பத்தாறுக்குப் போனது. அது தெளிவாக இருந்தது. முப்பத்தாறு அவளேதான். அதற்குப் பிறகுதான் முப்பத்தேழு யார் என்பது முழுசாக உறைத்தது. இந்த வரிசையை, முதலில் தன்னைப் பார்த்துக்கொண்டதை, பின்னால் பல நாள் அவள் யோசித்திருக்கிறாள்.

முப்பத்தேழு அவள் தம்பி.

பதினான்கு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், இருபத்தைந்து முப்பது வயசு ஆண்கள் நுரையீரல் அடைத்து, எலும்பாக இளைத்து, ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். எந்த மருந்துக்கும் மசியவில்லை. நோய்க்குப் பெயரே இல்லாமல் சில மாதம் போனது, பிறகு எய்ட்ஸ் என்றார்கள். கிருமி எது என்று தெரியாது. என்றாவது தெரியவரும், அன்றைக்கு உதவும் என்று டாக்டரம்மா எல்லோருடைய ரத்தத்தையும் சின்னக் குழாய்களில் எடுத்து உறைய வைத்தார். கூடவே ஆரோக்கியமானவர்கள் நாற்பது பேர் வேண்டும் என்றார்.

நாற்பது பேரைப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த நோயாளிகள் இருந்த வார்டின் பெயரைச் சொன்னதும் ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று முப்பத்தைந்து வரை இழுத்துவந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியை வீட்டுக்கே தூக்கிப்போய்த் தன் கையில் தானே குத்திக்கொண்டாள். அடுத்துத் தம்பியை உட்கார வைத்தாள். ஊசி என்றால் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர் போகும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். முடிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் ஓடினேன்?" என்றான்.

ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியம் சொல்லியிருந்தாள். இந்த ரத்தத்தை வைத்து யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். சொல்லிவிட்டு, பெயர் எழுதிய சீட்டை அவர்கள் கண்முன்னாலேயே கிழிப்பாள். பதிவேட்டில் எண், வயசு, ஆணா பெண்ணா என்பது மட்டும். 'ஆரோக்கியமானவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டது அவள் கைதான். எதை வைத்துப் போட்டாள்? நம்ம ஆட்கள் என்பதால் போட்டாள்.

"சித்தப்பா, உங்க பெட்டிக்குள்ள குழாயெல்லாம் ஊர் சுத்துமா?" என்றார் டாக்டரம்மா, குனிந்து தட்டைப் பார்த்தபடி.

குளிர்பெட்டிக்குப் பொறுப்பானவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை.

"என் பெட்டியில பனி மட்டும்தாம்மா சுத்தும். குழாய் வச்ச இடத்துல வச்சபடி இருக்கும். கரன்ட் போன அன்னிக்கு நானே அதைக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னிருக்கேன். என் வீட்டுக்காரி கேட்டா சிரிப்பா."

மறுநாள் முப்பத்தேழை மட்டும் மூன்று குழிகளில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றும் மஞ்சள்.

டாக்டரம்மா பென்சிலை எடுத்தார். "அப்ப எடுத்த அன்னிக்கே மாறியிருக்கு. ஒரே டிரேல நோயாளிங்க குழாயும் இருந்திருக்கும். தப்பு யாருக்கும் வரும், விடு. முப்பத்தொம்பது நார்மல் போதும். இதை அடிச்சிடலாம்."

மாறியிருக்க வழியே இல்லை. அன்றைக்கு ஐஸ் பெட்டியில் இருந்தது இரண்டே குழாய். இரண்டும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நிரம்பியவை. சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி யாரென்றுதான் வரும்.

"சரிங்க டாக்டர்" என்றாள்.

மூன்று நாள் அந்தச் 'சரிங்க'வோடு நடமாடினாள். அது ஒன்றும் கனமாக இல்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். தவறு தன் பெயரில் விழுந்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்தே இல்லாத நோய். தெரிந்து அவன் என்ன செய்யப்போகிறான்? நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், கல்யாணமாகி இரண்டு வருஷம். பரிசோதனையும் புதுசு, தப்பாகக்கூடக் காட்டலாம். ஒவ்வொரு நியாயமாக எடுத்து அடுக்கினாள். எல்லாம் நிற்கத்தான் செய்தன.

அந்த நியாயங்களுக்கு அடியில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அவளால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. தம்பிக்கு எப்படி வந்திருக்கும்? கல்யாணத்துக்கு முன் வெளியூரில் வேலை பார்த்த இரண்டு வருஷம், அவனுடன் ஒரே அறையில் இருந்த நண்பன், ஒரு தடவை சாப்பிட வந்த யாரோ ஒரு பெண் என்று ஒவ்வொருவராக மனசில் நிறுத்தி விசாரித்தாள். வார்டில் நோயாளிகளைப் பற்றிக் காப்பி நேரத்தில் இதே மாதிரி மற்றவர்கள் விசாரித்தபோது அருவருப்பாக இருந்திருக்கிறது. அந்தக் குரல் தனக்குள்ளும் இருந்தது. நல்ல தெளிவான குரல்.

நான்காம் நாள் தம்பி மனைவி ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, செவ்வாய்க்கிழமை குழந்தை விஷயமா டாக்டரைப் பார்க்கப் போறோம். உங்க தம்பி இப்பவே நழுவப் பார்க்கிறாரு. அன்னிக்குன்னு பார்த்து அவங்க கம்பெனியில ரத்த தான முகாமாம். இவர் இல்லாட்டி முகாமே நடக்காதாம். என்னமோ ஊருக்கே இவர்தான் ரத்தம் சப்ளை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள்.

அது அவளுக்குத் தெரிந்ததுதான். பயம் விட்டுப்போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தம்பி ரத்தம் கொடுக்கக் கிளம்பிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அட்டையில் முத்திரை வாங்கிவந்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் போல் அவளிடம் காட்டுவான். அவளும் மெச்சியிருக்கிறாள். தெரிந்த விஷயத்தை இந்த மூன்று நாளும் அவள் தொடாமலே வைத்திருந்தாள்.

மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஊசி, இரண்டு குழாய், பஞ்சு, ஸ்பிரிட் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்தாள்.

தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்தான். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததால் அவள் படியேறினாள். மொட்டை மாடியில் இரும்புக் கதவு போட்ட எந்திர அறை. உள்ளே மோட்டார், பெரிய சக்கரம், அதன்மேல் படிந்து கீழே இருட்டுக்குள் இறங்கும் ஐந்து கம்பி வடங்கள். தம்பி மண்டியிட்டு வடத்தை ஒரு துணியால் துடைத்தபடி, அறுந்த இழை துணியில் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு மாடி ஏறி வந்திருக்கியே, யாரு செத்தா?" என்றான், திரும்பாமலே. பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் துணியைக் கீழே வைத்தான். "அக்கா?"

"யாரும் இல்ல. உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

சொன்னாள். வழியெல்லாம் யோசித்து வைத்த முன்னுரை வரவில்லை. புதுப் பரிசோதனை, பழைய குழாய்கள், முப்பத்தேழு, டாக்டர் அதை அடிக்கச் சொன்னது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தப்பாகவும் இருக்கலாம், புது ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

அவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் தேடி வரமாட்டாங்கன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நீயே வந்துட்டே."

அவள் கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"மருந்து இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இத்தனை படி ஏறினே? அடிச்சிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. உங்க டாக்டர் அடிக்கத்தானே சொன்னாங்க."

"செவ்வாய்க்கிழமை ரத்தம் குடுக்கப் போறியாமே."

அவ்வளவு நேரம் வராத பயம் இப்போது அவன் முகத்தில் வந்தது. எண்ணெய்க் கையை அப்படியே சட்டைப்பைக்குள் விட்டு அட்டையை எடுத்தான். முத்திரைகளை விரலால் தொட்டு எண்ணினான்.

"ஆறு" என்றான். "ஆறு பேருக்குப் போயிருக்கும் இல்ல?"

"அதுக்குமேலயும் இருக்கலாம். ஒரு பையைப் பிரிச்சு ரெண்டு மூணு பேருக்குக் குடுப்பாங்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவள் தொழில் பேசும் குரலில் அது வந்துவிட்டது. அவன் எழுந்து கதவு வரை போனான், திரும்பி வந்தான். அறையில் நடக்க அதற்குமேல் இடமில்லை.

"எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கல."

"கேக்கணும்னு இருக்குல்ல?"

"இருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் எதிரே தலைகீழாய்க் கிடந்த டப்பாவில் உட்கார்ந்து கையை நீட்டினான். "எடு."

ஸ்பிரிட் பஞ்சு கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது பஞ்சில்தான் தோல் தெரிந்தது. இந்த வேலைக்குக் கையுறை போடச் சொல்லி அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. பையில் கையுறையும் இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்கியதை அவன் பார்த்தான்.

"போட்டுக்க. பைத்தியமா நீ?"

போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை, குழாய் நிறைவதையே பார்த்தான். முடிந்ததும் முழங்கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் அட்டையை அவளிடம் நீட்டினான்.

"தேதியெல்லாம் இருக்கு. யார் யாருக்குப் போச்சுன்னு உங்காளுங்க கண்டுபிடிப்பாங்கள்ல?"

"என் பேரைச் சொல்லிக் கேட்டாத்தான். உன் பேரையும் சொல்லணும்."

"சொல்லு" என்றான். துடைக்கும் துணியைத் திரும்ப எடுத்தபடி, "வீட்டுல நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

மறுநாள் காலை டாக்டரம்மா மேஜையில் குழாயையும் அட்டையையும் பக்கம்பக்கமாக வைத்தாள். முப்பத்தேழு என்றாள். டாக்டரம்மா அட்டையிலிருந்த பெயரைப் படித்தார், அதன் கடைசிப் பாதி அவளுடைய பெயரின் கடைசிப் பாதியாகவே இருந்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத்தனை நாள் தெரிஞ்சே இருந்தியா?"

"ஆமாங்க டாக்டர்."

"நானும் பார்த்தேன், மூணு குழியும் மஞ்சளா இருந்ததை" என்றார் டாக்டரம்மா. அடித்த கோட்டை ரப்பரால் அழித்தார். நாற்பது நார்மலில் ஒன்று மஞ்சள் என்று ஆனால், இந்தப் பரிசோதனையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டியிருக்கும். ரத்த வங்கிக்கு அவரே தொலைபேசியை எடுத்தார்.

புதுக் குழாயும் மஞ்சளாயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊசியும் குழாயும் வைத்த கைப்பையோடு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். அழுது முடித்த முகம் இல்லை, அழப்போகிற முகமும் இல்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்; பாதி மடித்த துணிகள் நாற்காலியில் கிடந்தன. தம்பி ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"சொல்ல வேணாம் அண்ணி. இந்நேரத்துக்கு வந்து நிக்கிறீங்களே, அதுவே சொல்லுது" என்றாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ரத்தம்னாரு. அப்ப நான் வர்றதுக்கு முன்னாலேயே."

"ஆமா."

"எனக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

"நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகலாமா வேணாமா? குழந்தை பெத்துக்கலாமா?"

"தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாதா, உங்க டாக்டருக்குமா?"

"இன்னும் யாருக்குமே தெரியாது."

தம்பி மனைவி இதைக் கேட்டு ஓய்ந்துவிடுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மாறாக, இத்தனை நேரத்தில் நம்பும்படியான ஒரே பதில் இதுதான் என்பது போல் தம்பி மனைவி தலையாட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெளிச்சம் விழும்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"நீங்க தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றாள் தம்பியிடம்.

அவன் தள்ளி நின்றான். பிறகு, அவள் உட்கார்ந்து அண்ணி பக்கம் கையை நீட்டியதும், நாற்காலியின் மறுபக்கம் வந்து தரையில் அமர்ந்துகொண்டான்.