ஓவியர் பிறந்த வீட்டுச் சுவர்

துளைக்கும் மெஷினோடு வந்த ஆளை வாசலிலேயே மறித்தபோது புவனேந்திரனுக்கு ஜெர்மன் சொற்கள் ஒழுங்காக வரவில்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னான். அந்த ஆள் நகராட்சிக்குப் போன் செய்ய, பண்பாட்டுப் பிரிவிலிருந்து கெஸ்லர் அம்மையார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

ரைன் ஆற்றங்கரையிலிருந்த அந்தச் சிற்றூரில், இதே வீட்டின் மாடியில், 1904 ஒக்டோபரில் ஒரு பெண் ஓவியர் பிறந்திருந்தார். மறுநாள் அவருடைய நூறாவது பிறந்தநாள். வாசலுக்குப் பக்கத்தில் வெண்கலப் பலகை பதித்து மேயர் திறந்துவைக்க இருந்தார். மாடியில் வாடகைக்கு இருந்த புவனேந்திரனிடமும் இதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவனும் தலையாட்டியிருந்தான். பலகை என்றால் துளையும் வேண்டும் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிப்பதில்லை. அவன் மனைவி தேவமலருக்கு இது எட்டாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் ஒரு காரணம் சொன்னார்கள். தேவமலரிடம் வேறு காரணம் இருந்தது: அந்த மாதம்தான் அவன் குசினிச் சுவரில் துளை போட்டுத் தட்டுப் பூட்டியிருந்தான். அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்தச் சுவரைப் பார்க்காமல் சமைப்பாள், அவ்வளவுதான்.

சத்தம்தான் பிரச்சினை என்று நினைத்த கெஸ்லர் அம்மையார், அவளை ஒரு மணி நேரம் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார்.

"சத்தம் இல்லை. பிள்ளை பிறக்கும்வரை சுவரில் துளை போடக் கூடாது."

அம்மையார் மாடி ஜன்னலைப் பார்த்தார். மலர் வளையம் சொல்லியாயிற்று. ஓவியரின் பேத்தி ஹம்பர்க்கிலிருந்து வருகிறார். இனி விழா நாளை மாற்ற முடியாது.

"நான் பிடிக்கிறேன். விழா முடியும்வரை பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்" என்றான் புவனேந்திரன்.

மறுநாள் பலகையின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க, அவனோடு வேலை செய்யும் சிறீதரன் வந்தான்.

"தேர் வடம் பிடிக்கக் கூப்பிட்டா உனக்கு நாரி நோகும். வெள்ளைக்காரியின்ர பலகை பிடிக்கச் சேர்ட் அயன் பண்ணிக்கொண்டு நிக்கிறாய் என்ன?"

"வாயைப் பொத்திக்கொண்டு உன்ர பக்கத்தை உயர்த்தடா."

"எங்கட கைக்கு மேலால துணியைப் போட்டிட்டினம் மச்சான். நாளைக்குப் பேப்பரில விரல் மட்டும்தான் வரும்."

மேயர் துணியை விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பேத்தி பேசினார். ஓவியரின் படங்களில் எப்போதும் ஒரு வெற்று நாற்காலி இருக்கும் என்றார். மாடி ஜன்னலைச் சுட்டிக் காட்டினார். ஓவியரைப் பெற்ற நாலாம் நாள், அந்த அறையிலேயே அவருடைய தாய் இறந்துபோனாள் என்றார்.

புவனேந்திரனின் பக்கம் பலகை சரிந்தது.

"டேய், பிடி!" என்றான் சிறீதரன்.

புவனேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். திறந்த ஜன்னலில் தேவமலர் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். அவளுக்குத் தெரிந்தது கடையில் சாமான் வாங்கும் அளவு ஜெர்மன்தான். மற்றவர்கள் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் பலகையை நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் மேலே போனார்கள். தேவமலர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தாள்.

"என்னப்பா, அந்தப் பொம்பிளை இந்த அறையை ஏன் காட்டினவ?"

"அந்த ஓவியர் இதிலதான் பிறந்தவவாம்."

"இதிலயோ?" அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பிள்ளைப்பேறு சுகமாமோ? தாய்க்கு ஒண்டும் இல்லைத்தானே?"

சிறீதரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சுகம்தான். பேரப்பிள்ளையளையும் கண்டவவாம்" என்றான் புவனேந்திரன்.

அவள் மெல்ல மூச்சு விட்டாள். "அந்தத் தாயின்ர பேர் என்னவாம்?"

"சொல்லேல்லை."

அது உண்மை. அத்தனை பேச்சிலும் அந்தப் பெயர் வரவில்லை. பலகையிலும் இல்லை.

"பெத்தவளின்ர பேர் சொல்லாம ஒரு விழாவோ!" என்றாள் தேவமலர்.

புவனேந்திரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். "மலர், இந்த அறை றோட்டுப் பக்கம். பிள்ளை நித்திரை கொள்ள ஏலாது. கட்டிலைப் பின்னறைக்குக் கொண்டு போவம்."

"இப்பவேயோ? கை நோகேல்லையோ உங்களுக்கு?"

"இப்பவே. எழும்பும்."

சிறீதரன் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினான்.