ஒரே வாளி

மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று ஆய்வக இயக்குநர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு பண்ணைகளில் மாடுகளுக்குக் கோமாரி நோய். மாட்டு வியாபாரிதான் பரப்பினான் என்று ஊரே முடிவுகட்டி, அவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டது. என் அறிக்கை வந்ததும் வழக்கு.

ஊர் சொல்வதை நான் நம்புவதில்லை. வைரஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பண்ணை விட்டுப் பண்ணை போகும்போது அதன் மரபணுவில் ஓரிரண்டு எழுத்து மாறும். மாறியது அப்படியே தங்கும். மாற்றங்களை அடுக்கினால் எதிலிருந்து எதற்குப் போனது என்று தெரிந்துவிடும். அடுக்கினேன். மேட்டுப் பண்ணை, பாலத்தடி, சூளைப் பண்ணை... வியாபாரி மாடு விற்றதோ இரண்டே இடத்தில்.

இந்த வரிசையை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன்; தம்பி வாயால்தான். அவன் கால்நடை உதவியாளன். நோய் கண்ட மாட்டுக்கு மருந்து கொடுத்த கையோடு அடுத்த பண்ணைக்குத் தடுப்பூசி போடப் போவான்.

போன் செய்தேன். "பாலத்தடிக்கு அப்புறம் எங்கடா போனே?"

"சூளைக்கு. ஏன்க்கா?"

"அப்புறம்?"

அவன் சொல்லச் சொல்ல, திரையில் இருந்த வரிசை அப்படியே வந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"பூட்ஸ் கழுவினியா?"

"கழுவாம? மத்தவங்க ஒரு மருந்துல கழுவுவாங்க, நான் ரெண்டுல! சலவை சோடாவும் சிட்ரிக் ஆசிடும் ஒரே வாளியில. என்னமாப் பொங்கும் தெரியுமா!"

தனித்தனியே இரண்டும் இந்த வைரஸைக் கொல்லும். சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

"சேர்த்து ஊத்தச் சொன்னது யாருடா?"

"நீதான்க்கா. ரெண்டுமே கொல்லும்னு சொன்னியே."

சொன்னேன்தான். அவசரத்தில் 'ஏதாவது ஒன்று' என்பதை விழுங்கியிருக்கிறேன்.

"இப்ப எங்க இருக்கே?"

"புதுப் பண்ணை வாசல்ல. முப்பது கறவை. கேட்டைத் திறக்கறாங்க."

"உள்ள கால் வைக்காதே!" கத்தியதில் பக்கத்து மேசைக்காரி எழுந்தே விட்டாள். "அங்கயே நில்லு. எதையும் தொடாதே."

விஷயத்தைச் சொன்னேன்.

"வேலை போயிடுமாக்கா?"

"போகலாம். என்னோடதும்தான்."

"நான் நல்லாத்தான் தேய்ச்சேன்க்கா," என்றான். குரல் உடைந்திருந்தது.

"தெரியும்டா."

எனக்கும் அழுகை முட்டியது; அழ நேரமில்லை. அறிக்கையில் 'பரவியதற்குக் காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழேதான் தம்பி பெயர்.