கூஜாவில் தெரிந்த முகம்

ஒரகடம் ஆலையின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அமெரிக்க டைரக்டர் ஹால்டன் தன் குடும்பச் சொத்தையே கொண்டுவந்திருந்தார். வெள்ளியில் ஒரு காபிக் கூஜா, ஒரு சர்க்கரைக் கிண்ணம், பன்னிரண்டு கரண்டி. அவர் நாடு சுதந்திரம் வாங்கும் முன்பே பாஸ்டனில் அடித்தவை. ஏழு தலைமுறை கைமாறியவை. அந்த ஏழு தலைமுறையோடும் உட்கார்ந்து காபி குடித்தவர்போல் கதை அளந்துகொண்டிருந்தார் அட்மின் மேனேஜர் கோபிநாத்.

"இன்னா சார், இப்டிக் கறுத்துக் கெடக்குது?" என்றாள் சந்திரம்மாள். ஒன்பது வருஷமாக அங்கே கான்ட்ராக்ட்டில் துப்புரவு வேலை.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்ட்டேன். என் மூஞ்சி தெரியணும்."

"ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க சார்."

துடைப்பத்தைத் தொடவும் கார்டு வேண்டும் என்பது அந்த ஆலையின் சட்டம். போன வருஷம் இதே கோபிநாத்தின் வாய்வார்த்தையை நம்பி ஒரு மெஷினைக் கழுவிவிட்டு, வேலையிழந்து ஒரு மாதம் சேரப்பணஞ்சேரியில் வீட்டோடு கிடந்தவள் அவள்.

"கரண்டி தேய்க்கக் கார்டு! பெரிய கலெக்டரு" என்று முனகியபடியே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கு விபூதியை விட்டால் வேறென்ன? குன்றத்தூர் முருகன் கோயில் பொட்டலம் நான்கு காலியானது. கூஜா கல்யாணப் பெண்ணாக ஜொலித்தது.

ஹால்டன் வந்து பார்த்தார். கோபிநாத்திடம் இங்கிலீஷில் ஏதோ முனகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கறுப்புதான் அதோட வயசாம்! இருநூத்தம்பது வருஷத்தத் தேச்சித் தொலைச்சிட்டியே!" என்று கத்திய கோபிநாத், டைரக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் குழைந்தார்: இவளாகத்தான் செய்தாள், பட்டிக்காட்டு ஜனம், விவரம் போதாது.

அவ்வளவு இங்கிலீஷ் சந்திரம்மாளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக அதில்தான் திட்டு வாங்குகிறாள்.

"பேட்ஜைக் கழட்டி வெச்சிட்டுக் கெளம்பு" என்றார் கோபிநாத்.

பேட்ஜைத் தொடாமல் அவர் முன்னே வந்து நின்றாள் அவள். "எவ சார் தானா செஞ்சது? வூட்ல வேலையில்லாமயா உன் கூஜாவத் தேச்சிக்கினு இருந்தேன்? கை எரியுது!"

இடுப்பில் செருகியிருந்த கார்டை உருவி டைரக்டர் கையிலேயே திணித்தாள். அவர் படித்தார். வேலையின் தரம்: முகம் தெரியும்வரை. கீழே கோபிநாத்தின் கையெழுத்து, வால் முளைத்த பட்டம்போல.

ஹால்டன் சொன்னது ஒரே வரி: நாளைக் காலை ஐந்து 'ஏன்' வேண்டும், கோபிநாத் கைப்பட. தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுத வேண்டும். அதுவரை அந்தத் தாள் கூலிக்காரர்களைத் தாண்டி மேலே ஏறியதே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் டைரக்டர் போய்விட்டார்.

கோபிநாத்தின் குரல் இறங்கியது. "சந்திரம்மா... கார்டுல நான் எழுதுனது உனக்குச் சரியாப் புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

பேட்ஜை நேராக்கிக்கொண்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"அஞ்சு ஏனையும் நீயே எழுது சார். தப்பு ஆருதுன்னு சந்தேகம் வந்துச்சின்னா கூஜாவப் பாரு. நல்லாத் தேச்சிக் கீறேன்."