இருநூற்றுப் பதிமூன்று

மிக்கேல்ராஜ் சாரின் வகுப்பில் முதல் நாளே மனப்பாடமாகிவிடும் சட்டம் ஒன்று உண்டு. படத்தில் இருப்பதை எழுது, இல்லாததை எழுதாதே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அதைத் தினமும் சொல்வார். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சை எழுதப்போகும் நர்சுகள்தான் அங்கே பாதிப் பேர். பரீட்சையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். எது கூடியது, எது குறைந்தது, எது எதைவிடப் பெரிது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஏன் என்று மட்டும் எழுதக் கூடாது.

சகாயசெல்விக்கு அந்த ‘ஏன்’தான் தகராறு. இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் காய்ச்சல் அட்டையில் கோடு இழுத்தவள். ஷிப்ட் மாறும்போது, ‘நாலாம் கட்டிலுக்குக் காய்ச்சல் ஏறிருச்சு’ என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினால் அடுத்து வருகிறவள் விடமாட்டாள். ஏன் ஏறியது, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பாள். அந்தப் பழக்கத்தில் சகாயசெல்வி எல்லாப் படத்துக்கும் ஒரு காரணம் எழுதிவைப்பாள். சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

“சிஸ்டர், வெள்ளக்காரன் டீயக் கொறச்சா உங்களுக்கு என்ன? அவனுக்கு வயிறு சரியில்லாம இருக்கும். விடுங்க.”

வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஏற்கெனவே ஒருமுறை எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள். இந்தத் தடவை விடக் கூடாது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து வேலைக்கு வர ஒரே ஒரு சாலைதான். அவள் கணவன் ராயப்பராஜ் விழுந்து இறந்த இடத்தைப் பஸ் தினமும் இரண்டு தடவை கடந்தது. அதற்காகவே ஊரை விட்டுப் போக நினைத்தாள்.

பரீட்சைக்கு முந்தைய வாரம் சார் ஒரு தாளை நீட்டினார். “இன்னைக்கு நம்ம ஊர்ச் சரக்கு. பேப்பர்ல வந்தது, நானே படமாப் போட்டேன்.”

போன வருஷம் மாவட்டத்தில் விபத்தில் இறந்தவர்கள், காரணவாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். முதல் கட்டம் தாளின் உச்சியைத் தொட்டது. அதிவேகம், 214. அடுத்து குடிபோதை. அடுத்து செல்போன். கடைசியில் நகத்தளவு ஒரு கோடு. சாலைக் குறைபாடு, 3.

பக்கத்தில் இருந்த ரஃபியா, “ஏக்கா, நம்ம ஊர்ல அம்புட்டு வேகமாவா போறாய்ங்க? டவுன் பஸ்ஸு முக்கிக்கிட்டுல்ல போகுது” என்றாள்.

சகாயசெல்வி சிரிக்கவில்லை. அந்த உயரமான கட்டத்துக்குள் எங்கோ ராயப்பராஜ் இருந்தான். மோட்டார் பழுது பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பிய மனிதன். குழாய் பதிக்கச் சாலையின் குறுக்கே தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கயிறு இல்லை, ஒரு விளக்கு இல்லை. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது பார்த்தால், பள்ளத்தைச் சுற்றி டிரம் வைத்துச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. ஆளைப் பலி கொடுத்த பிறகு அலங்காரம். போலீஸ் தாளில் காரணம், அதிவேகம். கேட்கப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏம்மா, பள்ளமா ஓடி வந்து மோதுச்சு? இவருதான போயி விழுந்தாரு?”

அவள் எழுதத் தொடங்கினாள். காரணம் எழுதவில்லை, கருத்து எழுதவில்லை. எல்லாரையும்விட முதலில் முடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் தாள் திரும்பி வந்தபோது இரண்டு எண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். கண்ணாடி மாத்தணும்போல. 214ஐ 213ன்னு எழுதியிருக்கீங்க. ரோட்டுக்கு மூணுதான், நாலு போட்டிருக்கீங்க.”

“தெரியாம எழுதல சார். அந்த ஒண்ணு எங்க வீட்டுக்காரரு. அங்கருந்து எடுத்து இங்க வச்சிருக்கேன்.”

சார் தொண்டையைச் செருமினார்.

“வருத்தந்தான். ஆனா பரீட்சையில எண்ண மாத்துனா மார்க் போயிரும். திருத்துறவனுக்கு உங்க கதை தெரியாதுல்ல?”

“இத எழுதிக் குடுத்தவனுக்கு மட்டும் தெரியுமா? அவரு மொபெட்ட அவன் பாத்திருக்கானா? பாலத்து ஏத்தத்துல நான் இறங்கி நடந்துதான் வருவேன் சார். நடக்குற என்னய முந்தாத வண்டி. அதுக்கு அதிவேகமாம்!”

“சரிங்க சிஸ்டர். எண்ண மட்டும் சரி பண்ணிக் குடுங்க.”

“மாட்டேன். என் கையால அத எழுத மாட்டேன். வேற படம் குடுங்க, பத்துன்னாலும் எழுதுறேன்.”

“மதுரைல பரீட்சைக்குப் போயி உக்காந்துக்கிட்டும் வேற படம் குடுங்கன்னு கேப்பீங்களா?”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மதுரையில், சனிக்கிழமை, தாளைப் புரட்டியதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. ஏதோ ஒரு தேசம். கட்டட வேலையில் கீழே விழுந்தவர்கள், காரணவாரியாக. உச்சியைத் தொட்ட கட்டம், தொழிலாளியின் கவனக்குறைவு. அங்கேயும் அதே கதைதானா? அங்கேயும் செத்தவன் தலையில்தான் கட்டுவார்களா? சாரம் கட்டியவன் யார், கயிறு கொடுக்காதவன் யார், அவனுக்கு ஒரு கட்டம் கிடையாதா? ஒரு ஆளையாவது அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பேனா துடித்தது. ஆனால் யாரை எடுப்பது? அதில் யார் எந்த வீட்டு ஆள் என்று அவளுக்குத் தெரியாது. எடுக்க வேண்டிய வீட்டுக்காரி வேறு எங்கோ இருந்தாள்.

எண்களை இருந்தபடியே எழுதினாள். கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். விழுந்தவர்களையோ அவர்கள் வீட்டாரையோ கேட்டு இந்தக் காரணங்கள் எழுதப்பட்டதாகப் படத்தில் எங்கும் இல்லை.

அன்று சாயங்காலம் சார் போனில் விசாரித்தார். அவள் சொன்னதும் அலறினார். “சிஸ்டர், அது கருத்து! எதுக்கு இந்த வேல?”

“கருத்து இல்ல சார். படத்துல அப்பிடி இல்ல. இல்லாதத இல்லன்னுதான எழுதுனேன்?”

மதிப்பெண் வந்தது. எழுத்தில் எவ்வளவு தேவையோ சரியாக அவ்வளவு. அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்று கேட்க இடமில்லை.

சகாயசெல்வி வெளிநாடு புறப்படுவதற்கு முந்தைய வாரம் ரஃபியா போன் செய்தாள். அவளுக்கு இன்னும் வகுப்பு முடியவில்லை.

“அக்கா, புது பேட்ச்சுக்கும் அதே படத்ததான் குடுத்தாருக்கா. எனக்கும் சேத்துக் குடுத்தாரு.”

“214ஆ?”

“படத்துல 214தான். நான் 213ன்னு எழுதிக் குடுத்தேன். வட்டம் போட்டுட்டாரு.”